இருநூறுக்கு அறுநூறு

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மார்க்கைக் கேட்காதீர்கள். ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் ஒரே ஒரு டெஸ்டில் இருநூறுக்கு அறுநூறு எடுத்திருக்கிறேன். அது ரத்த டெஸ்ட்.

ஐந்தாவது படித்த அந்த வருடம் தொண்டை வலி வந்து, தானாகப் போனது. பிறகு ஒரு முட்டி வீங்கியது. அது வடிந்ததும் அடுத்த முட்டி. கெடாரிலிருந்து அம்மா இந்தத் தடியனை இடுப்பில் சுமந்துகொண்டு விழுப்புரம் டாக்டரிடம் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எனக்கு அறுநூறு. இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம்.

“பயப்படாதம்மா. முன்னாடி தொண்டையில வந்த கிருமியோட இவன் உடம்பு சண்ட போட்டிருக்கு. அது போனப்புறமும் நம்பர் கொஞ்ச நாள் ஏறித்தான் இருக்கும். நம்பர் மட்டுமே சீக்கு இல்ல. ஆனா முட்டி வீங்கியிருக்கே, ஹார்ட்டை ஒரு ஸ்கேன் பாத்துடலாம்” என்றார் டாக்டர்.

அம்மாவின் காதில் ஹார்ட்டு மட்டும் விழுந்தது. என் காதில் அறுநூறு மட்டும்.

ஸ்கேன் திண்டிவனத்தில். முதலில் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா பையன் இங்கிலீஷ் மீடியம், எப்போதும் முதல் ரேங்க். ரிப்போர்ட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இருநூறுக்கு அறுநூறு. உன்னால முடியுமாடா?”

படித்துப் பார்த்தான். “டேய், இதுல கம்மியா எடுத்தாத்தான்டா நல்லது.”

“கம்மியா எடுத்தா நல்லதுன்னா, நான் ஏன்டா வாத்தியார்கிட்ட தெனம் அடி வாங்கிக்கினு இருக்கேன்?”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அத்தை வைத்த இட்லியையும், “வவுறு சரியில்ல அண்ணி” என்று தள்ளிவிட்டாள்.

ஸ்கேன் ரூமில் நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவியபோது எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்தேன். அம்மா கதவோரம் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“ஹார்ட்டு நல்லா இருக்கும்மா” என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா. “இனிமே தொண்ட வலின்னா தானா போயிடும்னு உட்டுடாதீங்க. ஒடனே இட்டாந்துடுங்க.”

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. அம்மா ஜன்னல் வழியாக அவித்த மல்லாட்டைக் கடலை வாங்கி, உரித்து உரித்துத் தானே தின்றாள்.

“யம்மா, எனக்கு?”

“உனுக்குத்தான் அறுநூறு கீதே, அத்தத் துன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மென்றுகொண்டே கண்ணைத் துடைத்தாள். மல்லாட்டையில் காரம்கூட இல்லையே, இவளுக்கு ஏன் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று பார்த்தேன். ஒருவழியாகப் புரிந்தது. பிள்ளை மார்க்கு வாங்கினால் அம்மாக்கள் அப்படித்தான்.