வெப்பக்காற்றுக்கு முன்னால்

மாதுளைக் கிளையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தது. உயிர் இருக்கிறது. இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணிக்கீற்று ஒன்றை உருவி அந்தக் கிளையில் கட்டினாள். அடுத்த கிளையைச் சுரண்டினாள். உள்ளேயும் பழுப்புதான். அதில் எதுவும் கட்டவில்லை. அது வெட்டுக்குப் போக வேண்டியது.

மழை என்பது வருஷத்தில் எப்போதோ எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊர் அது. வெயில் ஏறத் தொடங்கியதும் செடிகொடிகள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல் நிற்கும். எது செத்தது, எது சும்மா நிற்கிறது என்று தெரியாதவர்கள் கத்தரியை எடுக்கக் கூடாது. வெப்பக்காற்று கிளம்பும் முன் எல்லா வீட்டு வாசலும் கொல்லையும் சுத்தமாக வேண்டும். சருகை வாரி, கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் அடைந்த குப்பையைத் தோண்டி, சுவரை ஒட்டிய காய்ந்த புல்லைச் செதுக்கி எடுக்க வேண்டும். காற்று கிளம்பிய பிறகு எங்காவது ஒரு பொறி விழுந்தால் அது வீடு வீடாகத் தாவும். அந்தச் சில வாரங்கள்தான் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் வருஷத்துச் சோறு.

புருஷனை ஊரில் ரம்பம் என்பார்கள். கைரம்பத்தில் அவர் அறுத்தால் கிளை நார் பிரியாமல் வெண்ணெய்போல் விழும் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பது இன்னொரு காரணம். வீட்டுக்காரர்கள் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவரும் விடாமல் ஜன்னல் பக்கம் போய் நின்று மீதிக் கதையைச் சொல்லுவார்.

இப்போது பேச்சு குறைந்துவிட்டது. பேசினாலும் பாதியில் நின்று, தொலைந்த சாவியைத் தேடுவதுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

போன வருஷம் ஒரு வங்கி அதிகாரியின் வீட்டு வாசலில், பதினைந்து வருஷம் வளர்ந்து வளைவு முழுக்கப் படர்ந்திருந்த கொடியை அடியோடு அறுத்துப் போட்டுவிட்டார். இலை இல்லாமல் நின்றதே தவிர நல்ல உயிருள்ள கொடி. "நான்தாங்க அறுக்கச் சொன்னேன், பட்டுப்போச்சுன்னு தப்பா நெனச்சிட்டேன்" என்று அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அந்த வீடு கை விட்டுப் போயிற்று. அதற்குப் பிறகுதான் சிவப்புத் துணி. துணி கட்டியதைத் தொடக்கூடாது என்று அவரிடம் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் சொல்லுவாள்.

வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்றால், அதையும் செய்து பார்த்தாள். அன்றைக்கு அவர் சருகு வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தக் காலத்திலோ வேலை பார்த்த ஒரு வீட்டுக்குப் போய் வாசலைக் கூட்டத் தொடங்கிவிட்டார். அங்கே இப்போது குடியிருப்பவர்கள் இவர் யாரென்றே தெரியாமல் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியூரில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னபோது, "அப்பாவ எங்கிட்ட அனுப்பிடும்மா" என்று ஒரு மூச்சிலும், "எங்க படுக்க வைக்கிறதுன்னுதான் தெரியல" என்று அடுத்த மூச்சிலும் சொன்னாள். மகள் மேல் குற்றமில்லை. இரண்டும் உண்மைதான்.

கூட்டிப்போனாலும் பயம், விட்டுப்போனாலும் பயம். வேலைக்கே போகாவிட்டால் அடுப்பு எரியாது. விஷயம் வெளியே தெரிந்தால் அவருக்குக் கேட்டைத் திறக்க ஒரு வீடும் இருக்காது. ஆகவே வாயை மூடிக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்து, அவர் செய்ததை எல்லாம் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

அன்று மாதுளையைச் சுரண்டிக்கொண்டிருந்தது டெலிபோன் அம்மா வீட்டுக் கொல்லையில். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்த பழக்கத்தில், கொல்லைப்பக்கம் நடக்கும் பேச்சு ஒன்றும் அவர் காதுக்குத் தப்பாது.

"என்னடி, உன் ரம்பம் பல்லு மழுங்கிப்போச்சா? சத்தத்தையே காணோம்?" என்றார் சமையலறை ஜன்னல் வழியாக.

"தொண்டை கட்டியிருக்கும்மா."

"நல்லதாப் போச்சு. நானும் கொஞ்சம் நிம்மதியா இருக்கேன்."

அவள் சிரித்து வைத்தாள்.

முன்பக்கம் போய்ச் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மாதுளை மொட்டையாக நின்றது. கிளைகள் அப்படியேதான் இருந்தன. துணிகளைத்தான் காணோம்.

"ஏங்க, இதுல கட்டியிருந்த துணியெல்லாம் எங்க?"

ரம்பம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றையும் நீவி, மடித்து, அடுக்கி வைத்திருந்தார். "எவனோ கந்தலக் கட்டி வச்சிருக்கான். குப்பைய எடுக்கத்தானே வந்திருக்கோம்?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? முப்பது வருஷமாக வாசலில் கிடக்கும் வேண்டாததை எடுத்து அப்புறப்படுத்துவதுதான் அவர் வேலை. அவள் அவர் கையிலிருந்த கத்தரியை வாங்கித் தள்ளுவண்டியில் போட்டாள். வாரியைக் கொடுத்தாள். சருகு வாருவதில் யாருக்கும் கெடுதல் வராது என்பது அவள் கணக்கு.

அவரும் நன்றாகத்தான் வாரினார். மூலை முடுக்கு விடாமல், படிக்கட்டின் அடியில் குனிந்து, கோழி கிளறியதுபோல் இல்லாமல் சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாக வாரி, கொல்லை நடுவில் இடுப்பளவுக்குக் குவித்துவிட்டார். இனி அதைச் சாக்கில் அடைக்க வேண்டும். நகராட்சி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். கூரைக் கால்வாய் ஒன்றுதான் மிச்சம்.

"நீங்க இப்படிப் படியில உக்காருங்க. நான் மேல ஏறி அத முடிச்சிட்டு வந்துடறேன். அப்பறம் சாக்குல அள்ளலாம்."

"சரி சரி" என்றார்.

ஏணியைச் சாத்தி ஏறினாள். சரிவில்லாத கூரை. ஓரமாகக் குந்தி, கால்வாயில் கெட்டித்துப்போன இலையையும் மண்ணையும் கரண்டியால் தோண்டி வாளியில் போட்டுக்கொண்டே நகர்ந்தாள். கீழே பேச்சுக் குரல் கேட்டது. ரம்பம் ஏதோ கேட்கிறார், டெலிபோன் அம்மா ஏதோ எடுத்துக் கொடுக்கிறார். தண்ணீராக இருக்கும் என்று நினைத்தாள்.

முதலில் வந்தது வாசனை. திரும்பிப் பார்த்தபோது குவியலின் அடியிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. ஏணி இருந்த இடத்தில் ஏணி இல்லை. எட்டிப் பார்த்தாள். வாசல் பக்கம் ரம்பம் ஏணியை மடக்கித் தள்ளுவண்டியில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சருகைக் கொளுத்த நகராட்சி தடை போடும் முன்பு, அந்தக் காலத்தில், வேலையின் வரிசை அதுதான். வாரு, குவி, கொளுத்து, சாமானைக் கட்டு, வீட்டுக்குப் போ. சருகு குவிந்ததும் கை பழைய வழியில் போய்விட்டது. மனைவி கூரை மேல் இருக்கிறாள் என்பது மட்டும் அந்த வரிசையில் இல்லை.

"ஏங்க! ஏணிய கொண்டாங்க! குவியல் எரியுது, அம்மாவக் கூப்பிடுங்க, தண்ணி ஊத்துங்க, சீக்கிரம்!"

ரம்பம் நிமிர்ந்து பார்த்தார். கயிறு கையில் அப்படியே நின்றது. முகத்தில் ஒரு சங்கடமான புன்னகை. "நீ அங்க என்ன பண்ற? எறங்கி வா, போலாம்" என்றார்.

வேலியைத் தாண்டி மரப்பட்டறைக்காரரின் கொல்லை. அங்கே காய்ந்த பலகைகளை வேலியோடு சாத்தி அடுக்கியிருந்தார். சருகின் மேல் தீ நாக்கு நீட்டத் தொடங்கிவிட்டது. காற்று பலமில்லை. ஆனால் இருக்கிற காற்று வேலியைப் பார்த்துத்தான் அடித்தது. குதிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். அவள் முட்டி இருக்கும் நிலைக்கு, குதித்தால் எழுந்திருக்க முடியாது.

இப்படிப்பட்டவர்களிடம் நான்கு காரியத்தை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நடக்காது. பதறினால் அவர்களும் பதறிச் சிலையாகிவிடுவார்கள். அவளுக்கு அது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. இரண்டு வருஷம் கூடவே இருந்ததில் தெரிந்தது. தினமும் வேலையில் பேசும் குரலை வரவழைத்தாள்.

"ஏங்க. மம்முட்டிய எடுங்க."

எடுத்தார்.

"பின்பக்கம் வாங்க."

வந்தார். தீயைப் பார்த்தார். பார்த்த மாதிரியே இல்லை.

"வேலி ஓரமா மண்ணு வெட்டுங்க. வெட்டி, குவியல் மேல போடுங்க."

மண்வெட்டி மண்ணில் இறங்கியதும் வேறு ஆள் ஆகிவிட்டார். வேலிக்கும் குவியலுக்கும் நடுவில் புல்லை வேரோடு செதுக்கி ஒதுக்கினார், மண்ணைத் தோண்டினார், தோண்டிய வேகத்திலேயே தீயின் அடியில் வீசினார். மூச்சு வாங்கவில்லை. அதற்குள் டெலிபோன் அம்மா கதவைத் திறந்துகொண்டு, "ஐயோ, தீ! யாராவது வாங்களேன்!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். ரம்பம் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அம்மா, கத்தாதீங்க! அவரு நின்னுடுவாரு" என்றாள் கூரையிலிருந்து. பிறகு பழைய குரலில், "ஏங்க, வெட்டுங்க. இன்னும் கொஞ்சம்."

வெட்டினார்.

சத்தம் கேட்டு மரப்பட்டறைக்காரர் அந்தப் பக்கம் வந்து பலகைகளை இழுத்துப் போட்டுவிட்டுக் குழாயைத் திருகித் தண்ணீரைப் பீய்ச்சினார். வேலிப் பலகை சில கருகின. தீ அதற்கு மேல் போகவில்லை. மரப்பட்டறைக்காரர் கொண்டுவந்த ஏணியில்தான் அவள் இறங்கினாள்.

"எவன் வச்சான் இத?" என்றார் மரப்பட்டறைக்காரர். "இந்த மாசத்துல கொளுத்தலாமா? என் பட்டறையே போயிருக்கும்!"

"தீப்பெட்டி நான்தான் குடுத்தேன்" என்றார் டெலிபோன் அம்மா. முகம் வெளுத்திருந்தது. "சிகரெட்டுக்குக் கேக்கறாருன்னு நெனச்சேன்."

நான்தான் கொளுத்தச் சொன்னேன் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு வருஷமாக வந்து பழகிய வார்த்தை. அதைச் சொன்னால் திட்டு அவளோடு போகும். நாளைக்கு இன்னொரு வீட்டில் அவர் இன்னொருவரிடம் தீப்பெட்டி கேட்பார். அவர்களும் கொடுப்பார்கள். கொடுக்கக் கூடாது என்று யாரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்?

"அவருதாங்க வச்சாரு" என்றாள். "அவருக்கு ஞாபகம் தப்பிப்போகுது. என்ன செய்யறோம்னு அவருக்கே தெரியறதில்ல. டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் யாருகிட்டயும் சொல்லல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா என் வீட்டுக்குள்ள வந்து போயிட்டிருக்கீங்க" என்றார் டெலிபோன் அம்மா. குரல் உயரவில்லை, அதுதான் உறைத்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தத் தீப்பெட்டியக் குடுத்திருப்பேனா? நீ கூரை மேல, ஏணி வண்டியில. ஏதாவது ஆகியிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் மகளுக்குப் பதில் சொல்றது?"

அவள் ரம்பத்தின் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே இந்த ஆளு என் வேலிப் பக்கம் வரக்கூடாது. சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு மரப்பட்டறைக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

ரம்பம் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நல்லா அணைச்சோம்ல?" என்றார்.

"நல்லா அணைச்சீங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வண்டியைத் தள்ளினார். பழைய ரம்பம் திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது. எப்போதோ ஒரு வீட்டில் தேனீக்கூட்டைக் கலைத்துவிட்டு வீட்டுக்காரரோடு சேர்ந்து ஓடிய கதை. முழுக்கச் சொன்னார், சிரித்துச் சிரித்துச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பலகைகளை மரப்பட்டறைக்காரர் இழுக்கத் தாமதித்திருந்தால் என்ற இடத்திலேயே அவள் மனது முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை முதல் வேலையாக டெலிபோன் அம்மா வீட்டுக்குத்தான் போனார்கள். சருகுச் சாம்பல் மேலே ஆறிவிட்டாலும் உள்ளே கனல் ஒளிந்திருக்கும். கிளறிக் கிளறித் தண்ணீர் விட்டு, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டுப் போகலாம். டெலிபோன் அம்மா கேட்டைத் திறந்துவிட்டார். டீ வரவில்லை. ஆனால் சமையலறை ஜன்னலை மூடாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கண் ரம்பத்தின் கையை விட்டு அகலவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக இன்னொரு ஜோடிக் கண்.

ரம்பம் மண்வெட்டியால் கரியைப் புரட்டினார். அவள் வாளியைச் சாய்த்தாள். உஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"யாரு இங்க தீ வச்சது?" என்றார் அவர்.

"நீங்கதான்."

அவர் கருகிய வேலியைப் பார்த்தார். "நானா? காத்து கெளம்பற நேரத்துல நான் கொளுத்துவேனா? பைத்தியமா எனக்கு?"

"உடம்பு சரியில்ல உங்களுக்கு. மறந்துபோகுது."

கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்படவில்லை. மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்ப என்கிட்ட தீப்பெட்டி குடுக்காதன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டுக் கரியைப் புரட்டப் போய்விட்டார். ஒரு வாளித் தண்ணீர் தீரும் முன் மறுபடியும் யார் தீ வைத்தது என்று கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள்.

சாம்பல் ஆறிய பிறகு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கே கூரைக் கால்வாய் எடுப்பதாக ஒப்புக்கொண்ட வீடு. இரண்டு மாடி. வண்டியை மரநிழலில் நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டே மணியை அழுத்தினாள்.

"வாம்மா, ஏணி கொண்டாந்தியா?" என்றபடி வீட்டுக்காரர் வந்தார்.

"ஏணி வேலை இனிமே எடுக்கறதில்லீங்க" என்றாள். "மேல வேற ஆளப் பாத்துக்குங்க. கீழ சருகு வாரி, புல்லு செதுக்கித் தரோம். அதுக்கு முன்னாடி இவரப்பத்தி ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, வேணும்னா உள்ள விடுங்க."

வீட்டுக்காரர் வாசல் கேட்டின் கம்பியில் கை வைத்தபடி கேட்டார். அவள் சொல்லி முடித்ததும் ரம்பத்தைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார். "இந்தத் தடவை வேணாம்மா. தப்பா நெனச்சிக்காத" என்றார்.

"தப்பா நெனக்கலீங்க."

வண்டியைத் திருப்பி அடுத்த வீட்டுக்குத் தள்ளினார்கள்.