தூங்குமுன் பூட்டிக்கொள்ளும் திரை

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். தொழிலாளர்களின் உடல் பரிசோதனை முடிவுகளெல்லாம் என் லேப்டாப்பில்தான் இருக்கும். போன மழைக்காலத்தில் ஒருநாள், கிரேன் ஓட்டுபவர் ஒருவரின் காது பரிசோதனை முடிவைப் பதிந்துகொண்டிருந்தேன். வலது காது ஏறக்குறையப் போயிருந்தது. அவருக்கே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் உலைப் பக்கம் யாரோ கையைச் சுட்டுக்கொண்டதாகக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினேன். மூடினால் தூங்கிவிடும், அதற்குமேல் யாராலும் பார்க்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது, தலைவலி மாத்திரைக்கு வந்த ஒருவர் மேசையருகே நின்றிருந்தார். லேப்டாப் திறந்திருந்தது. மணி பார்க்கத் திறந்தாராம். கிரேன்காரரோடு அத்திப்பட்டிலிருந்து தினமும் ஒரே ரயிலில் வருகிறவர். முகமே மாறிப்போயிருந்தது.

"அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர். நான் பாத்ததா காட்டிக்க மாட்டேன்" என்றார்.

அன்றே கிரேன்காரரைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். பிறகு கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் போனேன். ஆர்.கே.பேட்டைக்காரி, என் வயதுதான். தூங்குவது வேறு, பூட்டுவது வேறு என்றாள். என் லேப்டாப் கதவைத் திறந்துபோட்டுத்தான் இத்தனை நாள் தூங்கியிருக்கிறது. ஏதோ சில வரிகளைத் தட்டிவிட்டு, மூடித் திறந்து காட்டினாள். திரையில் கடவுச்சொல் கேட்கும் கட்டம் மட்டும் இருந்தது.

பூட்டுவதற்குள் தூங்கிவிட்டால் என்று கேட்டேன்.

"தூங்காது. தூங்கப் போறேன்னு மொதல்ல உள்ள ஓடிக்கினு இருக்கிற புரோகிராம் எல்லாத்துக்கும் சொல்லும். செத்த இரு, பூட்டிக்கினு வந்துர்றேன்னு திரையப் பூட்டுற புரோகிராம் சொல்லும். அது முடிக்கிற வரைக்கும் இது கண்ண மூடாது."

கண் இமைப்பதற்குள் இத்தனை பேச்சு. யார் கண்ணிலும் படாமல், ஒவ்வொரு முறையும். அவள் போனபிறகு நான் மட்டும் உட்கார்ந்து மூடி மூடித் திறந்து பார்த்தேன்.

கிரேன்காரரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். காதுக் கருவி பொருத்திக்கொண்டு ஒருநாள் வந்தார். தினமும் கூட வரும் அந்த நண்பரிடம் ரயிலில் சொல்லிவிட்டாராம்.

"எனக்குக்கூட அவ்ளோ வருத்தம் இல்ல சிஸ்டர். இன்னாடா சொல்றன்னு கேட்டவன், ஸ்டேஷன் வர வரைக்கும் என் கைய வுடவே இல்ல" என்றார்.

நண்பர் அன்றே பார்த்துவிட்டதை நான் சொல்லவில்லை; லேப்டாப்பை மூடிவைத்தேன்.