பட்டியலில் எழுதாத ஜக்கெற்

மலைக்குப் போக ஆசைப்பட்டது நான்தான். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஐம்பது வருடம் நடந்த கால் என்னுடையது. அது கண்ட பெரிய ஏற்றமே கல்லடிப் பாலம். அப்படிப்பட்டவன் நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஒரு கணவாயைக் கால்நடையாக ஏறிப் பார்க்கக் கிளம்பினால் வீட்டில் யாராவது தடுத்திருக்க வேண்டும். யாரும் தடுக்கவில்லை. கணித வாத்தியார், கணக்குப் போடாமல் எதுவும் செய்யமாட்டார் என்று நம்பிவிட்டார்கள்.

கணக்குப் போட்டது உண்மை. தடித்த அட்டைக் கொப்பி ஒன்று வாங்கி இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். வான் எங்கே நிற்கும், நடை எங்கே தொடங்கும், ஆளுக்கு எத்தனை போத்தல் தண்ணீர், அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும், அடிவாரத்து வழிகாட்டியின் தொலைபேசி இலக்கம், எத்தனை மணிக்குள் நாங்கள் பேசாவிட்டால் வீட்டார் யாருக்கு அறிவிப்பது எல்லாம் அதில் இருந்தன. பகல் ஒரு மணிக்கு எந்த இடத்தில் நின்றாலும் திரும்பி இறங்குவது என்பதைச் சிவப்புப் பேனாவால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். கொப்பியைப் பார்க்கிறவர்கள், நான் வருடாவருடம் இமயமலைக்குப் போய்வருகிறவன் என்றே நினைத்திருப்பார்கள்.

கூட வர ஒத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என்னோடு படிப்பிக்கும் காத்தான்குடி ஆசிரியர். மற்றவர் என் தங்கையின் கணவர், எனக்கு மச்சான்; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். பழுகாமத்து ஆள். கலியாணம் முடித்து அமிர்தகழியில் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாலும், கிழமையில் பாதி நாள் பழுகாமத்து வயல் வட்டைக்குள் வேளாண்மையோடுதான் இருப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. எதிர்த்துப் பேச நான் இடம் கொடுத்ததில்லை என்று எழுதுவதுதான் நியாயம்.

மாமாங்கப் பிள்ளையார் கோயில் தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை பயணம். முதல் நாள் பின்னேரம் மூவரும் என் வீட்டு விறாந்தையில் பைகளை அடுக்கினோம். வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலைப்பக்கம் இருந்து வரும் அந்தக் காற்றை எங்கள் ஊரில் யாரும் மழையோடு சேர்த்து நினைப்பதில்லை. கச்சான் வந்தால் வாவி வற்றும், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி சாப்பிட்டு எழும்புமுன் மொறுமொறுக்கும். அந்தக் காற்றுக்குள் இருந்துகொண்டு மச்சான், வயலுக்குப் போடும் தன் மழைக்கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“கச்சானுக்குள்ள மழைக்கோட்டா? வட்டைக்கா போறம் மச்சான்?” என்று கேட்டேன்.

காத்தான்குடி ஆசிரியர் சிரித்தார். மச்சானும் சிரித்தார். மலையில் எப்படி இருக்குமோ சொல்ல முடியாதே என்று மெதுவாக இழுத்தார். விட்டேனா நான். கொப்பியை விரித்துப் பாரக் கணக்கைக் காட்டினேன். ஒரு கிலோ கூடினால் ஏற்றத்தில் மூச்சு எப்படி வாங்கும் என்று வகுப்பே எடுத்தேன். அவர் மழைக்கோட்டை எடுத்துக் கதிரையில் போட்டார்.

இனித்தான் என் யோக்கியதை. அவர்கள் போன பிறகு, கனடாவில் இருந்து தம்பி அனுப்பிய ஜக்கெற்றை அலுமாரியில் இருந்து எடுத்தேன். தண்ணீர் புகாதது, உள்ளே பஞ்சு வைத்தது. அதை என் பையின் அடியில், மருந்துப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். கொப்பியில் எழுதவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். இதைத் தவிர வேறு காரணம் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

மகியங்கனைப் பக்கத்தால் போனோம். கிழக்குச் சரிவு என்பதால் ஏறும் வழியெல்லாம் நல்ல வெயில், காய்ந்த புல். எங்கே உங்கள் மழை என்று மச்சானைக் கேட்டேன். ஒருமுறை கேட்டுவிட்டு விட்டிருக்கலாம், மூன்றுமுறை கேட்டேன். வழிகாட்டி கொஞ்சம் தமிழ் தெரிந்த சிங்கள விவசாயி. அவர் மட்டும் அடிக்கடி மேலே பார்த்துக்கொண்டு நடந்தார். உச்சியில் வெள்ளையாகப் பனிப்புகார் மூடிக் கிடந்தது.

என் முழங்கால் தகராறு பண்ணியதால் நேரம் போய்விட்டது. ஒரு மணிக்கும் கணவாய் எங்களுக்கு மேலேயே இருந்தது. மச்சான் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“ஒரு மணியாப் போச்சி மச்சான். கிறுகுவமா?”

சிவப்புக் கோடு போட்டவன் நான். திரும்புவோம் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டியவனும் நான். ஆனால் கணவாயில் நின்று ஒரு படமாவது எடுக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்றுதான் என் புத்தி போயிற்று. பயம் என்றால் இந்த இடத்திலேயே இருங்கள், நாங்கள் போய்வருகிறோம் என்று சொன்னேன். அவர் பின்னால் வந்தார்.

கணவாயில் கால் வைத்ததும் கச்சான் முகத்தில் அறைந்தது. அதே காற்றுத்தான். எங்கள் ஊருக்குச் சூடாக வந்து சேருமுன் தன் மழையை எல்லாம் அது இந்த மலையில் இறக்கிவிட்டுத்தான் வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகத்தில் இருக்கிற விஷயம், எனக்கு அங்கே போய் நனைந்த பிறகுதான் உறைத்தது. வியர்வையில் ஊறியிருந்த எங்கள் பருத்திச் சட்டைகள் சாரலில் முழுதாக நனைந்துவிட்டன. உடனே இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. புகார் விலகட்டும், படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்று எல்லாரையும் ஒரு பாறையோடு இருத்தி வைத்தேன்.

பிறகு பையைத் திறந்து ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர்கள் கண்ணுக்கு முன்னால். கழுத்து வரைக்கும் சிப்பை இழுத்துவிட்டேன்.

மச்சான் மெலிந்த தேகம். குளிர் அவரைத்தான் முதலில் பிடித்தது. பல் கிடுகிடுத்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று வாய் குழறத் தொடங்கியது. நித்திரை வருகிறது என்றார். காத்தான்குடி ஆசிரியர் அவருடைய முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கொப்பியில் முதலுதவிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வழிகாட்டிதான் எழும்பி வந்து என் நெஞ்சில் விரலை வைத்தார்.

“சேர், இது அவருக்குக் குடுங்க.”

அப்போதும் என் கை உடனே போகவில்லை. எத்தனை நொடி என்று தெரியாது. தங்கையின் புருஷன் சாகப் போகிறான், எனக்குக் குளிரப் போகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனம் நின்று யோசித்தது. எழுதக் கை கூசுகிறது. பிறகு கழற்றிக் கொடுத்தேன். நனைந்த சட்டையை உரிந்து ஜக்கெற்றைப் போட்டுவிட்டு, தோளில் தாங்கி, காற்றுப் படாத சரிவுக்கு அவரை இறக்கினோம். வழிகாட்டியின் வீட்டு அடுப்பருகில் சீனி போட்ட தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிய பிறகுதான் அவருக்குப் பேச்சு நேரானது.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தங்கை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். என் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துத் தன் உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்று மச்சான் அவளிடம் சொல்லியிருந்தார். பெரிய நண்டாகப் பார்த்து என் பீங்கானில் வைத்துவிட்டு அவள் அழுதாள்.

“நீங்க இல்லாட்டி என்ட புள்ளையள்ட கதி என்ன அண்ணன்?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நண்டை உடைத்துத் தின்றேன்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது மச்சான் தண்ணீர் அள்ளி ஊற்றினார். மலையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன். மறந்திருக்க வேண்டும் என்று உள்ளே மாமாங்கத்துப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

“எல்லாம் ஞாபகம் இரிக்கி மச்சான்,” என்றார். குரலில் கோபம் இல்லை. “ஜக்கெற்றக் கேட்டா இல்லெண்டு சொல்லிருவீங்களோ எண்டு பயமா இருந்திச்சி. அதான் நான் கேக்கல்ல.”

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை.