ஆல்வினாவின் ஊறுகாய் ஜாடி

ஒரு காலத்தில் மினசோட்டாவில் எங்கள் மாவட்டத்து ஏழைப் பண்ணையைக் கடந்து போனால், ஆகஸ்ட் மாதம் முழுக்க வினிகரும் சதகுப்பையும் மணக்கும். இப்போது அங்கே வெறும் சோளம்தான்.

அந்த மணத்துக்குச் சொந்தக்காரி ஆல்வினா ட்வெட். புருஷன் நெல்ஸ் பக்கவாதத்தில் விழுந்ததும் நிலம் கைவிட்டுப் போய், இருவரும் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். போக்கிடம் இல்லாத நாற்பது பேர் மாவட்டச் செலவில் அங்கே தங்கி, பண்ணை வேலை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அவள்தான் சமைத்தாள். நெல்ஸ் இறந்ததும் பின்னாலிருந்த மேட்டில் புதைத்தார்கள். அங்கே யாருக்கும் பெயர் பொறிப்பதில்லை. சிமெண்ட் கட்டையில் எண் மட்டும். அவன் நாற்பத்தேழு.

மாவட்டக் கண்காட்சியில் அவளுடைய வெள்ளரி ஊறுகாய்க்கு வருஷம் தவறாமல் முதல் பரிசு, நீல ரிப்பன். ஜாடியோடு வைக்கும் அட்டையில் இருப்பதோ பண்ணை மேற்பார்வையாளரின் மனைவி மிர்ட்டில் கண்டர்சனின் பெயர். பண்ணைப் பொருள் அப்படிப் போவதுதான் வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை, மிர்ட்டில் உட்பட.

1953 கோடையில் நான் பட்டம் வாங்கி ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். கையெழுத்து அழகு என்று கண்காட்சியின் பதிவு மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஆல்வினா ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“மிர்ட்டில் கண்டர்சன்னு எழுதட்டுமா?”

“வேணாம் தம்பி. ஆல்வினா ட்வெட்.”

என் பேனா நின்றது. “எந்த ஊருன்னு போட?”

பிறந்த ஊரைச் சொல்லியிருக்கலாம். “ஏழைப் பண்ணை” என்றாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

பின்னாலிருந்து ஒருவர், “வெள்ளரியும் பண்ணையோடது, உப்பும் பண்ணையோடது. பேரு மட்டும் உன்னோடதா?” என்றார்.

“மேட்டுல எனக்குன்னு ஒரு நம்பர் காத்திருக்குய்யா. அதுக்கு முன்னால ஒருதடவை என் பேரை எழுத்துல பாத்துக்கறேனே.”

வரிசையில் மிர்ட்டிலும் நின்றிருந்தாள். முகம் சிவந்துவிட்டது. பிறகு, “எழுதுப்பா. கை அவளோடதுதான். இனிமே யாரும் என்கிட்ட ஊறுகாய் பக்குவம் கேட்டு வந்துடாதீங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த வருஷம் கிடைத்தது சிவப்பு ரிப்பன், இரண்டாம் பரிசு. நடுவர்களுக்கு உப்பு தூக்கலாகப் பட்டதோ, விலாசம்தான் உறுத்தியதோ.

கண்காட்சியின் கடைசி நாள் ரிப்பனை அவளிடம் நீட்டினேன்.

“அதைக் கன்னுக்குட்டி கழுத்துல கட்டு. அட்டையைக் குடு.”

அட்டையைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். “நாலு வருஷம் காலேஜ் போனியே, வரி இப்படிக் கோணலா ஓடுது?”

அட்டை ஆறு வருஷம் அவள் கட்டிலுக்கு மேலே தொங்கியது. அவள் இறந்தபோது மிர்ட்டில்தான் அதை எடுத்துச் சவப்பெட்டிக்குள், அவள் கைக்கடியில் வைத்தாள்.

மேட்டில் அவளுடைய சிமெண்ட் கட்டை இன்னும் இருக்கிறது. மேலே அறுபத்தொன்று. கீழே மண்ணுக்குள், என் கோணல் கையெழுத்தில், ஆல்வினா ட்வெட், ஏழைப் பண்ணை.