எட்டு டிக்கெட்டும் ஒரு கையெழுத்தும்

நோட்டின் இடப்பக்கம் முழுக்க எட்டு பஸ் டிக்கெட்டுகள். மெலிசாக, இளஞ்சிவப்பாக, கண்டக்டர் கிழித்த ஓரம் அப்படியே. எங்கள் ஹிஸ்டாரியனுடைய அத்தாவின் பைண்டிங் கடைப் பசை சுற்றிலும் கசிந்து காய்ந்திருந்தது. வலப்பக்கம் அவன் குண்டு எழுத்தில் தொடங்கியிருந்தான்: "திரும்பும்போது நாங்கள் நடக்கவில்லை." எனக்குப் பதினான்கு வயது. நோட்டைச் சட்டென்று மூடினேன்.

எங்கள் ஸ்கவுட் குழுவில் கூடாரத்துக்கு ஒருவன், முதலுதவிப் பெட்டிக்கு ஒருவன் என்று ஆளுக்கொரு பொறுப்பு. நடந்ததையெல்லாம் எழுதிவைப்பவன் ஹிஸ்டாரியன். வேறெதற்கும் சரிப்படாதவனுக்குத் தரும் வேலை அது என்றுதான் நினைத்திருந்தோம். அவனோ பட்டம் சூட்டியதைப்போல அதை ஏற்றுக்கொண்டான். யார் குறட்டை விட்டது, உப்புமா எந்தப் பக்கம் தீய்ந்தது, யாருடைய பனியனைக் காக்கை தூக்கிப்போனது, ஒன்று விடமாட்டான். நான் அணித் தலைவன். அந்த நோட்டில் என் பெயர் வரும் இடமெல்லாம் ஏதாவது கவிழ்ந்திருக்கும்.

அன்றைய ஹைக் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை. போவதும் வருவதும் நடந்தே. முடித்தால் எட்டுப் பேருக்கும் பேட்ஜ். போகும்போது நன்றாகத்தான் நடந்தோம். ஏரிக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. திரும்பும்போது ஒரு பஸ் காலியாக வந்தது. யாருக்கும் அடிபடவில்லை, மயக்கமில்லை. பஸ் காலியாக வந்தது, அவ்வளவுதான். கழிகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை பாடிக்கொண்டு வந்தோம். "இன்னாப்பா, நடக்கறதுக்குத்தானே இந்த டிரஸ்ஸ மாட்டிக்கினு கீறீங்க?" என்றார் கண்டக்டர். இறங்கியதும் ஹிஸ்டாரியன் எல்லோரிடமும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டான். சும்மா சேர்க்கிறான் என்று கொடுத்துவிட்டோம்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுடா மச்சான். பேட்ஜ் போயிடும்" என்றேன்.

"எனக்குந்தான் போவுது. நானும் அதே பஸ்லதானே வந்தேன்?"

நோட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் வேறொரு பள்ளியின் ஸ்கவுட் மாஸ்டர். அவன் எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். இரண்டு இடத்தில் சிரிப்பை அடக்க, மீசை ஆடியது. "வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் நடக்கறீங்க. நான் சைக்கிள்ல பின்னாடியே வருவேன்" என்றார்.

இப்போது அதே சாலையில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, இன்று எத்தனை அடி நடந்தேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். அது சொல்லும் எண்ணில் வெயிலும் இல்லை, வியர்வையும் இல்லை, பக்கத்தில் நடந்தவனின் கிண்டலும் இல்லை. அந்த ஞாயிறில் எல்லாமே இருந்தது. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒரே ஒரு வெள்ளரிக்காயை எட்டாக வெட்டித் தின்றோம். காலி பஸ்கள் வேண்டுமென்றே எங்களைத் தேடி வந்தன. ஒவ்வொன்றுக்கும் சல்யூட் வைத்து அனுப்பினோம்.

மேடவாக்கத்தில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் சாரின் பின்சக்கரம் பஞ்சர். உச்சி வெயிலில் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு தக்காளி ஏற்றி வந்த டெம்போ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, சைக்கிளை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். "பாத்து வாங்கப்பா, ராஜகீழ்ப்பாக்கத்துல நிக்கறேன்." டெம்போ மறையும்வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு, அடுத்த இரண்டு மைலுக்கு எங்களைச் சுமந்துகொண்டு போனது.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மரநிழலில் நின்றிருந்தார். அங்கிருந்து தாம்பரம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு நடந்தார். பள்ளி வாசலுக்கு வந்ததும் ஹிஸ்டாரியன் படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். மூன்று பக்க பஸ் பயணத்துக்கு எதிரே இந்தத் தடவை இரண்டே வரி: "சார் ராஜகீழ்ப்பாக்கம் வரை டெம்போவில் வந்தார். நாங்கள் எட்டுப் பேரும் நடந்தோம்."

"டேய், அவர்தான்டா கையெழுத்துப் போடணும்" என்று அவன் காதில் கெஞ்சினேன். அவன் மையை ஊதிக் காயவைத்து, நோட்டை அவரிடம் நீட்டினான்.

சார் படித்தார். மறுபடியும் படித்தார். எட்டுப் பேரும் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"டெம்போன்னு மொட்டையா எழுதினா எப்படிப்பா?"

வரிக்கு மேலே நெருக்கி எழுதினார்: "தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், நின்றபடியே." எழுதிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.