கொடைக்கானலில் கொட்டிய என் ஊட்டிப் பனி

போன வாரம் செஞ்சியில் ஒரு கல்யாணம். மேடையில் உட்கார்ந்தபடி என் பிரசங்கத்தை முழுசாகக் கேட்டேன்... பேசியது நான் இல்லை.

பெண் எங்கள் சபைப் பெண். அதனால் செய்தி, அதாவது பிரசங்கம், கொடுக்க வேண்டியவன் நான். மாப்பிள்ளை வீட்டுப் பாஸ்டர் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார். பதினோரு மணிக்கு அங்கே இன்னொரு கல்யாணம் இருக்கிறது, முதலில் ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன் என்றார். சொல்லட்டுமே என்று மைக்கைக் கொடுத்தேன். நல்ல குடும்பத்துக்கு மூன்று தேவை — மதித்தல், மன்னித்தல், மகிழ்தல் — என்று ஆரம்பித்தார். என் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளிலும் அதே மூன்றுதான். அதே வரிசைதான்.

தற்செயலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நிமிடம் ஒரு கணவனும் மனைவியும் பனிப்புயலில் காரோடு மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் எங்கே தேற்றுவது? அமெரிக்காவில் நடந்த கதை அது. நம் ஜனங்களுக்குப் புரியட்டும் என்று நான் அதை ஊட்டிக்கு மாற்றி வைத்திருந்தேன். அவர் கொடைக்கானலுக்கு மாற்றியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் இதுதான். ‘திருமணச் செய்தி’ என்று தேடினால் முதலில் வந்து நிற்கிற வெப்சைட் ஒன்று இருக்கிறது. அவரும் அதைத் திறந்திருக்கிறார், நானும் அதைத் திறந்திருக்கிறேன். இரண்டாவதாக வந்த வெப்சைட்டைத் தொட இருவருக்குமே சோம்பல்.

ஊழியத்தில் இருப்பவர்களுக்கு உபயோகமான வெப்சைட்களைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகர்கள் சிலர் ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்... இந்த ஒரு அடிக்காக மற்றதையெல்லாம் மறந்தால் நான் நன்றி கெட்டவன்.

ஒரு வசனத்தைத் தட்டினால் பழைய தமிழ், புதிய தமிழ், ஆங்கிலம், எபிரெயு என்று எல்லாவற்றையும் அடுத்தடுத்துக் காட்டுகிற தளங்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் நான்கு வேதாகமங்களை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஃபேனோடு சண்டை போடுவேன். வேதாகம ஊர்களுக்கு மேப் போட்டுக் காட்டுகிற தளமும் உண்டு. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன் — கிட்டத்தட்ட செஞ்சியிலிருந்து திண்டிவனம்! அந்த வழியில் இருக்கிற வல்லத்தில், ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியன் கதையை அந்தக் கணக்கில் சொன்னபோது, அதே ரோட்டில் பைக்கோடு விழுந்து கிடந்த அனுபவம் மூன்று பேருக்கு இருந்தது. கூட்டம் முடிந்தும் அவர்கள் கதையை முடிக்கவில்லை.

கீர்த்தனைகளுக்குக் கீபோர்டில் எங்கே எதை அழுத்துவது என்று எழுதிக் கொடுக்கிற தளம் வந்த பிறகு எங்கள் கீபோர்டுக்காரர் பாடுகிறவர்களோடு சேர்ந்தே பாட்டை முடிக்கிறார். ஞாயிறு பள்ளிக்குக் கலர் அடிக்கிற படங்களை என் மனைவி இறக்கிக்கொள்கிறாள். யோனாவை விழுங்கிய மீனுக்கு எங்கள் பிள்ளைகள் அடிக்காத கலர் இல்லை. எல்லாம் நல்ல உதவி.

ரெடிமேட் பிரசங்கம் மட்டும் ரெடிமேட் சட்டை மாதிரி. ஆசையாகப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால், எதிரே அதே சட்டையில் இன்னொருவர் வருவார். எனக்கு வந்தார்.

வேறு கல்யாணமாக இருந்தால் ‘பாஸ்டர் சொன்னதே போதும், ஆமென்’ என்று தப்பித்திருப்பேன். இது கிருபாவின் கல்யாணம். சிங்கவரத்துப் பெண். அவள் அப்பா ஏழுமலை எங்கள் சபைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து, அவருடைய அண்ணன் தணிகாசலம் தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே தெரு. எட்டு வருஷம். கிருபா தானே போய்ப் பெரியப்பாவுக்குப் பத்திரிகை வைத்திருக்கிறாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முந்தின நாள் அவள் என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பெரிப்பா வந்தா பாதியில எழுந்து போயிடக் கூடாது பாஸ்டர். எங்க நைனா தாங்க மாட்டாரு. அவருக்குப் புரியற மாதிரி எதனா பேசுங்க.”

புரிகிற மாதிரி பேச நான் எடுத்துக்கொண்ட முயற்சிதான் அந்த ஊட்டிப் பனிப்புயல். என்னை என்ன சொல்ல?

தணிகாசலம் வந்திருந்தார். கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய நாற்காலியில், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலில் பனி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு தடவை வாட்ச்சைப் பார்த்தார். ஒரு தடவை காலால் செருப்பைத் துழாவினார்.

முன்வரிசைச் சகோதரிகளோ தேதி, வசனம், மூன்று பாயிண்ட் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்கள். எங்கள் சபைகளில் அந்த நோட்டுகளுக்குப் பயப்படாத பாஸ்டர் கிடையாது. போன வருஷம் சொன்னதையே திரும்பச் சொன்னால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் சொன்னதை எப்படிச் சொல்வது?

என் மனைவியிடம் இந்தப் பிரசங்கத்தை இரண்டு தடவை ஒப்பித்துக் காட்டியிருந்தேன். இப்போது கீழே உட்கார்ந்து அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மைக் என் கைக்கு வந்தது. தாளை எடுக்கவில்லை. மூன்று வருஷமாக மனதுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்தேன்.

அப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். ஏழுமலை கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டாரும் அங்கேயே இருந்தார்கள். கொல்லை நிலத்தில் மல்லாட்டை முற்றி நிற்கிறது, வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. மழை பிடித்தால் அத்தனையும் முளைத்துப் போகும். அவர் வீடு திரும்பியபோது எல்லாம் பிடுங்கி, செடியிலிருந்து காயை ஆய்ந்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சபையார் செய்த உதவி என்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொன்னார். சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் மறுக்கவில்லை.

எனக்கு உண்மை தெரியும். அந்தப் பக்கம் பைக்கில் போனபோது, தலையில் துண்டோடு கொல்லையில் குனிந்து நின்ற தணிகாசலத்தைப் பார்த்திருந்தேன். “யாராண்டயும் சொல்லிடாதீங்க ஃபாதரே” என்றார். அவருக்கு நாங்கள் எல்லோருமே ஃபாதர்தான். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

அன்று கொடுத்த வாக்கை அத்தனை பேர் முன்னால் மீறினேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து, பேசாமல் இருந்தவர்களுக்குள்ளேயே இவ்வளவு அன்பு என்றால், பேசிப் பழகப் போகிற உங்களுக்குள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

தணிகாசலம் எழுந்துவிட்டார்.

கிருபா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாசல் அவருக்கு இரண்டடி தூரம். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றார்.

“நான் ஒருத்தனா அரைக் காணிய புடுங்க முடியும் ஃபாதரே? எங்க வூட்டுக்காரியும்தான் வந்தா. நாலு நாளு இடுப்பு ஒடிய ஒக்காந்து ஆஞ்சது அவதான். சொல்றதுன்னா முழுசா சொல்லுங்க.”

சொல்லலாம், அவர் பெயர் தெரிய வேண்டாமா என்று கேட்டு மைக்கை நீட்டினேன். மனுஷன் தடுமாறிப் போனார். அந்த வயசு ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்கள்? தொண்டையைக் கனைத்து, மண்டபத்துக்கே கேட்கும்படி “வள்ளியம்மா” என்றார்.

அதற்குள் ஏழுமலை ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மைக்கை அணைத்தேன். ஐந்தே நிமிடத்தில் முடிந்துபோன பிரசங்கம், என் ஊழியத்தில் அது ஒன்றுதான்.

பந்தியில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள். கை கழுவுகிற இடத்தில் அந்த வள்ளியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். வீட்டு விஷயத்தை மைக்கில் போட்டு உடைத்ததற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“கட்டிக்கினு வந்து முப்பத்தாறு வருசம் ஆவுது ஃபாதரே. என் பேரு அவருக்குத் தெரியும்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது.”