மழுங்கிய வால் முனை

அறுபதுகளின் பிற்பகுதியில், பொறியியல் மேற்படிப்பின் கடைசி ஆண்டில், நான் வடிவமைத்த விமான இறக்கைக்குத் தூக்குவிசை போதவில்லை. கணக்கு ஒன்று சொன்னது, காற்று வேறொன்று சொன்னது. கணக்கு என்பதற்கு இன்று சிமுலேஷன் என்று பெயர். அன்று அது ஒரு கட்டுத் துளை அட்டை. கம்ப்யூட்டர் அறைச் சன்னலில் கொடுத்தால் மறுநாள் விடை வரும், அல்லது நம் பிழை வரும்.

காற்றுச் சுரங்கம் என்பது ஒரு முனையில் பெரிய விசிறி வைத்த நீளப் பெட்டி. அதற்குள் ஓரடி அகல மர இறக்கையை நிறுத்திக் காற்றை ஓடவிட்டு, எவ்வளவு விசை அதை மேலே தூக்குகிறது என்று அளக்க வேண்டும். அரை நாள் காற்றுக்கு மூன்று படிவங்கள். படிவம் நிரப்புவதில் எனக்குத் துறையிலேயே பெயர் உண்டு. விசையை அளக்கும் தராசைச் சரிபார்த்தேன், அழுத்தக் குழாய்களை ஊதிப் பார்த்தேன். விசை குறைந்தே வந்தது.

"பதினைந்து நாளில் காரணத்தோடு வா. இல்லையென்றால் ஆய்வேடு அடுத்த வருஷம்தான்" என்றார் பேராசிரியர். அதற்குள் கையிலிருந்த வேலை உத்தரவு காலாவதியாகிவிடும்.

இறக்கையையும் கணக்குத் தாள்களையும் சில வெற்றுப் படிவங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து சொந்த ஊரான தென்காசிக்கு வந்தேன். சாரல் காலம். புளியறைக் கணவாய்ப் பக்கமிருந்து அடித்த காற்று வீட்டு ஓடுகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. படிவம் இல்லாமல் இவ்வளவு காற்று வீணாவது எனக்கு எரிச்சலாக இருந்தது. கணக்கை நான்கு முறை கையால் போட்டேன். உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். என் நடை பொறுக்காமல் அம்மா என்னைக் குற்றாலத்துக்கு விரட்டினாள்.

அருவியிலும் நிற்க முடியவில்லை. தலையில் தண்ணீர் விழும்போதும் மனம் மூன்றாம் பக்கத்துக் கூட்டலில் இருந்தது. பாதிக் குளியலில் வெளியே வந்தபோது, தலையில் எண்ணெய் மினுங்க எதிரே வந்தார் ஆசாரி அண்ணாச்சி. கல்லூரிப் பட்டறையில் நான்கு மாதக் காத்திருப்பு என்பதால், அந்த மர இறக்கையை அவரிடம்தான் செய்து வாங்கியிருந்தேன்.

"என்ன தம்பி, நம்ம இறக்கை பறந்துச்சா?"

"மக்கர் பண்ணுது அண்ணாச்சி."

"அதெப்படி மக்கர் பண்ணும்? உம்ம படத்துல உள்ள மாதிரியே செஞ்சு, உப்புத்தாள் போட்டுல்லா தந்தேன். வால் முனைதான் கத்தி மாதிரி இருந்துச்சு. ரெண்டு நூல், கால் இஞ்சுதான், சீவி மழுக்கிட்டேன்."

"மழுக்கினீங்களா?"

"பின்னே? பிடிக்கவன் கைய அறுத்துரும்லா! தொட்டிலோ கட்டிலோ, கூர் முனையோட ஒரு சாமான் நம்ம பட்டறைய விட்டு வெளிய போனதில்ல."

ஈரத்துண்டோடு அப்படியே நின்றேன். என் கணக்கு முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது: மேலே ஓடும் காற்றும் கீழே ஓடும் காற்றும் அந்தக் கூர் முனையில் சேர்ந்து விலகும் என்பது. முனை மழுங்கினால் காற்று அதைச் சுற்றி வளையும், தூக்குவிசை குறையும். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். முன்புறத்தை எட்டு இடங்களில் அளந்தவன், வாலை விரலால்கூடத் தடவிப் பார்க்கவில்லை.

மறுநாள் பட்டறையில் அண்ணாச்சி வால் முனையில் ரம்பத்தால் பிளவு போட்டு, மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து கூர் தீட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை.

"இது இறக்கையா, அரிவாளா வே? யாராச்சும் கேட்டா நான் செஞ்சேன்னு சொல்லிராதேயும்."

அவர் பெயர் வரும் இடம் எந்தப் படிவத்திலும் இல்லை. வந்தது என் பெயர்தான். 'மாதிரி இறக்கை வரைபடத்தோடு பொருந்துகிறது' என்று மூன்றாம் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தவன் நான். இன்னொரு அரை நாள் காற்று வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். ஆசாரியின் பிழை என்று எழுதினால் பேராசிரியர் தலையாட்டிவிடுவார். இரண்டு படிவங்களை எழுதிக் கிழித்தேன். மூன்றாவதில், 'சரிபார்த்தவர் வால் முனையை அளக்கவில்லை' என்று எழுதினேன். கீழே, 'சரிபார்த்தவர்' என்று அச்சிட்ட கட்டத்தில், மறுபடியும் என் கையெழுத்தையே போட்டேன்.

தபாலை நம்பவில்லை. கெடுவுக்கு ஆறு நாள் இருக்கையில், துணியில் சுற்றிய இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வழியெல்லாம் துணிக்குள் விரலை விட்டு அந்த முனையைத் தடவிக்கொண்டே போனேன். சென்னை போய்ச் சேர்வதற்குள் இரண்டு விரல்கள் அறுபட்டிருந்தன.